மூணு கடை, ஒரே ரெண்டடி டேங்க்: யார் சொன்னது தொட்டில நின்னுச்சு

ரெண்டு மாசத்துக்கு மேல நோட்டுல எழுதி வச்சத இப்ப ஒழுங்குபடுத்தி போடுறேன். புதுசா மீன் வளர்க்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல போய் நிக்கிறது கடைக்காரர் முன்னாடிதான், அவர் சொல்றதுதான் நமக்கு வேதம், அதனால அந்த யோசனை எந்த அளவுக்கு சரியா இருந்துச்சுன்னு டெஸ்ட் கிட் வச்சு பாத்தத அப்படியே சொல்றேன். கடைங்க பேரு எதுவும் போடல, பேரு இங்க முக்கியமும் இல்ல.

டேங்க் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர் வரும், ஆனா கிராவல் போட்டு மேல கொஞ்சம் இடம் விட்டா உண்மையான தண்ணி 45 லிட்டர் கிட்டதான். இத முதல்லயே சொல்றேன், ஏன்னா முதல் கடைல யாரும் இத கேக்கவே இல்ல.

முதல் கடைல டேங்க், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஹீட்டர் எல்லாம் வாங்குனேன். "தண்ணி ஊத்தி ஆன்டி குளோரின் விட்டு ஒரு நாள் ஓட விடுங்க தம்பி, நாளைக்கே மீன் விடலாம்"னாரு. மறுநாள் போனேன், 2 குட்டி கோல்டு ஃபிஷ், 6 மோலி, "பாசி எல்லாம் இது தின்னுரும்"னு சொல்லி ஒரு சக்கர், மொத்தம் 9 மீனையும் ஒரே கவர்ல போட்டு குடுத்தாரு. ரொம்ப அன்பா பேசினாரு, பொறுமையா எடுத்துக் குடுத்தாரு, சர்வீஸ்ல ஒரு குறையும் சொல்ல முடியாது.

3ம் நாள் வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. 4ம் நாள் காலைல எல்லா மோலியும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. போட்டோ எடுத்துட்டு அதே கடைக்கு ஓடுனேன். போட்டோவ பாத்துட்டு "இன்ஃபெக்‌ஷன்"னு சொல்லி ஒரு நீல மருந்தும் கல்லு உப்பும் போடச் சொன்னாரு. போட்டேன். டேங்க் முழுக்க மை கலக்குன மாதிரி ஆயிடுச்சு, அடுத்த நாள் 2 மோலி போச்சு.

6ம் நாள் ரெண்டாவது கடைக்கு ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்துட்டுப் போனேன், பெரிய கடை, பளபளன்னு இருக்கும். அங்க ஒரு பையன் ஸ்ட்ரிப்ப முக்கி எடுத்து கலர் அட்டையோட வச்சுப் பாத்துட்டு "தண்ணி பர்ஃபெக்டா இருக்கு சார்"னு சொன்னான். நம்பர் என்னன்னு கேட்டேன், "எல்லாம் நார்மல்"னான். அந்த அட்டைய வாங்கிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அதுல பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு), கடினத்தன்மை, நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் இருக்கு, அம்மோனியாவுக்கு கட்டமே இல்ல. நிறைய ஸ்ட்ரிப்புங்க அப்படித்தான், அம்மோனியாவுக்கு தனியா வாங்கணும். புது டேங்க்ல முதல் வாரத்துல மீன கொல்றது மீன் கழிவுலேர்ந்து சேர்ற அம்மோனியாதான், அத அளக்காமலே தண்ணி பர்ஃபெக்ட்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்ல, அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்காம அவன அங்க நிக்க வச்சவங்க மேலதான் கோவம்.

அப்புறம் சொட்டு மருந்து டைப் லிக்விட் கிட் வாங்குனேன். அம்மோனியா 4 பிபிஎம் (பத்து லட்சத்துல 4 பங்கு) காட்டுச்சு, பிஎச் 8. இந்த ரெண்டு நம்பரையும் சேத்துதான் பாக்கணும். தண்ணில அம்மோனியா ரெண்டு உருவத்துல இருக்கும், ஒண்ணு ரொம்ப விஷம், இன்னொண்ணு அந்த அளவுக்கு இல்ல. பிஎச் 7ல விஷமான பங்கு மொத்தத்துல 1 சதவீதம் கூட வராது, பிஎச் 8க்கு ஏறினா அது கிட்டத்தட்ட 10 மடங்கு ஆயிடும். அதனால ஒரே 4 பிபிஎம் ஒருத்தர் டேங்க்ல மீன வாட்டும், இன்னொருத்தர் டேங்க்ல கொல்லவும் செய்யும். பிஎச் என்னன்னு கேக்காம அம்மோனியாவ பத்தி யோசனை சொல்றவங்க பாதிதான் சொல்றாங்க.

தினமும் பாதித் தண்ணி மாத்துனேன். அப்பவும் மொத்தம் 5 மோலி செத்துப் போச்சு, ஒண்ணு தப்பிச்சுது. அந்த ஒண்ணையும் கோல்டு ஃபிஷ்ங்களையும் சக்கரையும் பெரிய தொட்டி வச்சிருக்கிற தெரிஞ்சவர்கிட்ட குடுத்துட்டேன். கோல்டு ஃபிஷ் நல்லா வளந்தா 20 சென்டிமீட்டர தாண்டும், சாதாரண சக்கர் 30 சென்டிமீட்டருக்கும் மேல போகும், 2 அடி டேங்க்ல அதுங்க வாழவே முடியாது. கடைல பாக்குறப்ப விரல் நீளம்தான் இருக்கும், பெருசானதோட போட்டோ ஒண்ண டேங்க் மேல ஒட்டி வச்சாலே பாதி பேரு வாங்க மாட்டாங்க.

அந்த அஞ்சு மோலிய வெளில எடுத்தது இன்னும் மனசுல இருக்கு. அதனாலதான் உக்காந்து யோசிச்சேன், முதல் கடைக்காரர் பொய் சொன்னாரான்னு. இல்லன்னுதான் தோணுது. அவர் கடைல 40 டேங்குக்கும் கீழ ஒரே பெரிய சம்ப் (எல்லா டேங்க் தண்ணியும் வந்து சுத்தமாகிப் போற தொட்டி), வருஷக்கணக்கா ஓடுற ஃபில்டர், அது பூரா அம்மோனியாவ நைட்ரைட்டாவும் அத விஷம் கம்மியான நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஊறிப் போயிருக்கு. அவர் ஒரே நாள்ல 200 மீன இறக்குனாலும் அந்த சம்ப் அம்மோனியாவ முழுங்கிடும். இறக்குன மீனும் ஒரு வாரத்துல வித்துப் போயிடும். "ஒரு நாள்ல மீன் விடலாம்"ங்கறது அவர் தினமும் கண்ணால பாக்குற உண்மை, அவர் தொட்டிக்கு. அந்த மீன் நம்ம வீட்டு புது டேங்க்ல அடுத்த வாரம் என்ன ஆகுதுங்கறது மட்டும் அவர் கண்ணுக்கு வர்றதே இல்ல, நாமளும் செத்த மீன கொண்டு போய் காட்டுறதில்ல, வெக்கப்பட்டு சும்மா இருந்துடுறோம் இல்லன்னா வேற கடைக்குப் போயிடுறோம்.

உப்பு விஷயத்துலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அவர் கிருமிக்குன்னு சொல்லித்தான் உப்பு போடச் சொன்னாரு. ஆனா புது டேங்க்ல கொஞ்சம் உப்பு வேற ஒரு விதத்துல உண்மையிலயே உதவும். அம்மோனியாவுக்கு அப்புறம் நைட்ரைட் ஏறும், அது மீனோட ரத்தத்துல போய் ஆக்சிஜன் சுமக்குறத கெடுத்துடும், செவுள் பழுப்பு கலருக்கு மாறிடும். உப்புல இருக்கற குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் உள்ள போறத தடுக்கும். ஆக காரணம் தப்பு, யோசனை சரி. அனுபவஸ்தங்க நிறைய பேரு இப்படித்தான், அவங்களுக்குப் பலன் தெரியும், காரணம் தெரியாது. எல்லாத்தையும் ஒரேயடியா ஒதுக்கிட வேணாம்னு அதுலதான் கத்துக்கிட்டேன். ஆனா அந்த நீல மருந்து வேற கதை. மெத்திலீன் ப்ளூ தனி தொட்டில, நோய் வந்த மீனுக்கு நல்ல மருந்து. மெயின் டேங்க்ல ஊத்துனா, வளரணும்னு நாம காத்துக்கிட்டு இருக்குற பாக்டீரியாவையே அடிச்சுடும், சிலிக்கான் ஒட்டு வேற நீலமாயிடும்.

மூணாவது கடை சின்னது, ஒரு அக்கா நடத்துறாங்க. உள்ள போனதும் நான் மீன காட்டி கேட்டேன், அவங்க பதில் சொல்லாம என்னையே கேக்க ஆரம்பிச்சாங்க. டேங்க் எத்தன லிட்டர், தண்ணி ஊத்தி எத்தன நாளாச்சு, தண்ணி எங்கேர்ந்து வருது, ஏற்கனவே என்ன இருக்கு, என்ன மருந்து போட்டீங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, "இப்ப உங்களுக்கு மீன் தர மாட்டேன் தம்பி, ஒரு மாசம் கழிச்சு வாங்க"ன்னாங்க. வியாபாரம் வேணாம்னு சொல்லி ஒரு கடைல என்ன திருப்பி அனுப்புனது அதுதான் முதல் தடவ. கொஞ்சம் கடுப்பாதான் வெளில வந்தேன், ஆனா வாசல் தாண்டுறதுக்குள்ள கூப்ட்டு, அவங்க ஓட்டிக்கிட்டு இருந்த ஒரு ஸ்பாஞ்ச அவங்க தொட்டித் தண்ணிலயே ஒரு கவருக்குள்ள பிழிஞ்சு அந்த கருப்புத் தண்ணிய கைல குடுத்தாங்க. "இத உங்க ஃபில்டர் மேல ஊத்துங்க, குளோரின் தண்ணி படக்கூடாது."

அதுல நோய் வராதான்னு கேட்டேன். மீனே இல்லாத டேங்க்ல வெள்ளைப்புள்ளி கிருமி ஒட்டிக்க உடம்பு கிடைக்காம போயிடும், நீங்க எப்படியும் பல வாரம் காலியாதான ஓட்டப் போறீங்கன்னு சொன்னாங்க. சரியான பதில்.

நாள முதல்லேர்ந்து புதுசா எண்ண ஆரம்பிச்சேன். முதல்ல ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு நீல மருந்த இழுத்துட்டு, தண்ணிய மாத்தி, அந்த கருப்புத் தண்ணிய ஊத்தி, மீன் இல்லாமலே பாக்டீரியாவுக்குத் தீனி கிடைக்க அமோனியம் குளோரைடு கரைச்சு 2 பிபிஎம் அம்மோனியா வர்ற மாதிரி வச்சேன். ஹீட்டர் 27 டிகிரி. 6ம் நாள் முதல் தடவையா நைட்ரைட் தெரிஞ்சுது, லேசா ஊதா. 13ம் நாள் 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்துல 0, ஆனா நைட்ரைட் அட்டைல இருக்கற கடைசி கலரையும் தாண்டி கருஊதா. இந்தக் கட்டத்துலதான் பொறுமை போகும், ஒரு வாரம் தினமும் அதே கலர். 22ம் நாள் காலைல பாத்தா நைட்ரைட் தெளிஞ்ச வானம் மாதிரி நீலம், 0. சந்தேகத்துல மறுபடி 2 பிபிஎம் போட்டு மறுநாள் பாத்தேன், ரெண்டுமே 0. நைட்ரேட் 80க்கு மேல இருந்துச்சு, தண்ணி முக்கால்வாசி மாத்தி 20க்கு கொண்டு வந்தேன். நைட்ரேட் பாக்குறப்ப ரெண்டாவது பாட்டில நல்லா 30 செகண்ட் குலுக்கணும், குலுக்காம விட்டா கம்மியா காட்டும், நான் முதல் தடவ அப்படித்தான் 5ன்னு எழுதிட்டேன்.

பாக்டீரியா தானா வளர 4லேர்ந்து 6 வாரம் கூட ஆகும், எனக்கு 3 வாரத்துக்கும் கொஞ்சம் மேலதான் ஆச்சு. அந்த ஒரு பிழிஞ்ச ஸ்பாஞ்ச்தான் காரணம்னு நம்புறேன். கடைல விக்கிற எந்த பாட்டிலையும் விட அது பெரிய உதவி, அதுக்கு அவங்க ஒண்ணும் வாங்கிக்கல.

24ம் நாள் நோட்ட எடுத்துட்டு அக்கா கடைக்குப் போனேன். ஒவ்வொரு நம்பரா படிச்சுப் பாத்துட்டு, "6 நியான் மட்டும் எடுத்துக்கோங்க, மிச்சம் ரெண்டு வாரம் கழிச்சு"ன்னாங்க. நியான்ங்கறது பளிச்சுன்னு நீலக்கோடு போட்ட சின்ன மீன். நான் கேக்காமலே கொஞ்சம் தீனி போட்டு, எது எது வந்து சாப்புடுதுன்னு காட்டி, சாப்புட்டதுலேர்ந்துதான் புடிச்சுக் குடுத்தாங்க. ஒரு டேங்க் மேல "விற்பனைக்கு இல்லை"ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு, அது அந்த வாரம் வந்த மீனு, அதுக்கு ஃபில்டர் தனி, வலையும் தனி. ஒரே சம்ப்ல எல்லா டேங்கும் ஓடுற கடைல ஒரு தொட்டில நோய் இருந்தா எல்லா தொட்டிலயும் இருக்குன்னுதான் வச்சுக்கணும், அதனால தனி ஃபில்டர பாத்ததும் எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. கவர்ல மீன போட்டுட்டு வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாங்க. கவர்ல ரொம்ப நேரம் இருந்தா அம்மோனியா சேரும், ஆனா மீன் விடுற மூச்சால பிஎச் இறங்கி அது விஷமாகாம இருக்கும், கவர தொறந்ததும் பிஎச் ஏறி சட்டுன்னு விஷமாயிடும், அதனால தூரம்னா தொறந்து வச்சுக்கிட்டு மணிக்கணக்கா பழக்காதீங்க, வெப்பம் சரியானதும் மீன வலைல எடுத்து உள்ள விட்டுட்டு கவர் தண்ணிய கொட்டிடுங்கன்னாங்க.

அவங்க சொன்ன எல்லாமே சரின்னும் இல்ல. ஃபில்டர் ஸ்பாஞ்ச மாசம் ஒரு தடவ புதுசா மாத்திடுங்கன்னு ஒரு பாக்கெட்ட எடுத்து நீட்டுனாங்க, பாக்கெட் மேலயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு. 3 வாரம் காத்திருந்து வளத்த பாக்டீரியா முக்காவாசி அந்த ஸ்பாஞ்ச்லதான இருக்கு, அத தூக்கிப் போட்டா மறுபடி முதல்லேர்ந்துதான. அதனால கேட்டேன், "அக்கா, உங்க சம்ப்ல நீங்க மாசாமாசம் மாத்துறீங்களா?" ஒரு நிமிஷம் நின்னாங்க. "இல்லப்பா, எடுத்த தொட்டித் தண்ணிலயே அலசிட்டு திரும்ப போட்டுருவேன், கிழியிற வரைக்கும்." அப்புறம் அவங்களே பாக்கெட்ட எடுத்த இடத்துல வச்சுட்டாங்க.

அன்னிலேர்ந்து எந்தக் கடைக்குப் போனாலும் நான் கேக்குறது ரெண்டுதான். உங்க தொட்டில நீங்க என்ன பண்றீங்க, உங்க தொட்டிக்கு வயசு எத்தன. முதல் கேள்விக்கு வர்ற பதில் பெரும்பாலும் நேர்மையா இருக்கு, ரெண்டாவது பதில வச்சு அது நம்ம டேங்குக்குப் பொருந்துமான்னு நாமளே பாத்துக்கலாம். முதல் கடைக்கும் போய் நோட்ட காட்டி, அஞ்சு மோலி போன கதைய சொன்னேன். சண்டைக்குப் போகல. அவர் 4 பிபிஎம்ங்கற இடத்துல விரல வச்சு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "யாரும் திரும்ப வந்து சொல்றதில்ல தம்பி"ன்னாரு. அதுக்கப்புறம் ஒரு தடவ தீனி வாங்கப் போனப்ப, புது டேங்க் வாங்குன ஒருத்தர்கிட்ட ரெண்டு வாரம் கழிச்சு மீனுக்கு வாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு வாரம் பத்தாது, ஆனாலும் ஒரு நாள்லேர்ந்து ரெண்டு வாரத்துக்கு வந்திருக்காரு.

இன்னிக்கு புதுக் கணக்குல 61ம் நாள். 12 நியான், அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, வாரத்துக்கு மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துறேன். அடுத்து 6 கோரிடோராஸ் (டேங்க் அடில மேயுற சின்ன மீன்) சொல்லி வச்சிருக்கேன், அது இப்ப அந்த "விற்பனைக்கு இல்லை" டேங்க்ல இருக்கு, இன்னும் 9 நாள் பாத்துட்டுதான் தருவேன்னு அக்கா சொல்லிட்டாங்க.