நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கலாமா?

முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் நாய் வளர்ப்போர் சிலர், தயிர்ச்சோற்றை நிறுத்திவிட்டு வேகவைக்காத இறைச்சிக்கு மாறியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிப் பரப்பிய இந்த முறையில், இறைச்சியோடு பச்சை எலும்பும் ஈரலும் கொஞ்சம் காய்கறியும் சேரும். இங்கே பலர் வெறும் சதையை மட்டும் போடுவதுதான் எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியமோ சொற்பம் என்பதால், வளரும் குட்டிகளின் எலும்பு வலுவிழந்து கால்கள் வளைந்துவிடக்கூடும். குழம்பில் வெந்த எலும்பைப் போடுவதும் ஆபத்தே, ஏனெனில் அது கூராகச் சிம்புசிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடலாம்.

குபேர் அங்காடியில் காலையில் வாங்கிய கோழிக்கழுத்து, வெயிலில் பையோடு வீடு வந்து சேர்வதற்குள் விரல்களில் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி உறைபெட்டியில் வைத்தாலும் முழுவதும் சாவதில்லை. நாய்க்கு ஒன்றும் ஆகாவிட்டாலும், அதன் எச்சில், மலம் வழியாகக் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் தொற்றலாம். ஆட்டு ஈரலிலோ நுரையீரலிலோ புழுவின் நீர்க்கட்டி இருந்தால், அதைப் பச்சையாகத் தின்னும் நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மனிதர் உடலிலும் கட்டியை உண்டாக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் கைக்குழந்தையும் மாமியாரும் இருப்பதால், இறைச்சியை வேகவைத்து, எலும்பை நீக்கி, கால்சியத்தை மருத்துவர் சொன்ன அளவில் சேர்த்தே கொடுக்கிறேன். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்று எத்தனை முறை சொன்னாலும், வாசனைக்கு ஒரு பல் போட்டால் என்ன என்று மாமியார் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.