இன்னும் புதுத்துணி எடுக்கவில்லை

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

சின்னவளுக்குப் பிள்ளை பொறக்கும் முன்னே புதுத்துணி ஒரு நூல்கூட வாசப்படி தாண்டக் கூடாது. அம்மாயி முடிவாகச் சொல்லியாச்சு. பழசுக்குத் தடை இல்லை.

கோமணத் துணிக்குப் பழைய வேட்டி: எட்டு முழம் மூன்று, நாலு முழம் இரண்டு. 60 செ.மீ. சதுரமாகக் கிழித்தால் நாலு முழத்தில் 6 வரும், எட்டு முழத்தில் 12. மொத்தம் 48 வரவேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த நடுப்பகுதியைக் கழித்ததில் 38தான் தேறியது. கரையை முதலில் கத்தரியால் வெட்டித் தள்ளணும், ஜரிகை தொடையை அறுக்கும். மற்றபடி கத்தரி வேண்டாம். ஓரத்தில் ஒரு வெட்டு வைத்துக் கையால் கிழித்தால் நூலோட்டத்திலேயே நேராகப் போகும். கத்தரியில் வெட்டினது கோணிக்கொள்ளும், முக்கோணமாக மடிக்கும்போது ஒரு காது நீளும், ஒரு காது குட்டையாகும்.

ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து அடிக்கக் கூடாது. அந்தத் தடிப்பு காயாது, தொடையையும் உரசும். நூல் பிரியாமல் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் ஒரு சுற்று போதும்.

அக்டோபர் 6, திங்கள்

மழை.

அக்டோபர் 7, செவ்வாய்

38 பத்துமா? ராவும் பகலும் சேர்த்து ஒரு நாளைக்கு 15 என்று வை. வெயில் அடித்தால் காலையில் துவைத்தது மத்தியானம் கைக்கு வரும், 30 இருந்தாலே தாராளம். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் ஆகும். 15, 15, 15. ஏழு குறைகிறது.

கடைகளில் நாலு அடுக்கு சேர்த்துத் தைத்த நாப்பி இருக்கிறது. பார்க்க அழகு. மழைக்காலத்தில் அதன் நடு அடுக்கு காயவே காயாது, மூன்றாம் நாள் ஊளை நாற்றம். ஒற்றைத் துணியைக் கட்டும்போது மடிக்கணும், காயப்போடும்போது பிரிக்கணும். ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும்.

அக்டோபர் 9, வியாழன்

திருப்பூர் காதர்பேட்டை. பார்க்க மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனது. (கையில் இன்ச் டேப்.)

ஏற்றுமதியில் மிஞ்சின சர்ப்ளஸ் துணியில் பிராண்ட் லேபிளை வெட்டியிருப்பார்கள், சைஸ் துண்டு மட்டும் பல நேரம் மிஞ்சியிருக்கும். 56, 62, 68, 74, 80 என்று இருந்தால் ஐரோப்பா ஆர்டர், அந்த எண் பிள்ளையின் உயரம், செ.மீ. கணக்கு. 62 என்றால் சுமார் 3 மாதம் வரை, 68 ஆறு மாதம், 80 ஒரு வயசு. 6எம், 12எம் என்று இருந்தால் அமெரிக்கா. அதில் 6எம் என்றால் பெரும்பாலும் ஆறு மாதம் *வரை*. ஆறாம் மாதம் போடலாம் என்று எடுத்து வைத்தால் அப்போது பத்தாது. உள்ளூர் ஃபிராக்கில் 16, 18, 20 என்பது நீளம், அங்குலத்தில். மூன்று ஊர்க் கணக்கும் ஒரே குவியலில் கிடக்கும். அதனால் வயசைப் பார்க்காதே, டேப்பை வை: அக்குளுக்குக் கீழே குறுக்களவு, தோளிலிருந்து நீளம். நம் பிள்ளைகளுக்கு நீளம் சரியாக இருக்கும், மார்பு தொளதொள என்று நிற்கும். பாடிசூட்டில் மட்டும் தலைகீழ். துணிக் கோமணம் கட்டினால் கீழே பட்டன் எட்டாது, ஒரு சைஸ் ஏற்றித்தான் எடுக்கணும்.

ஒரு கடையில் தொப்பி வைத்த சட்டை. தொப்பியில் கயிறு. “யூரோப் சரக்குங்க்கா”ன்னு அடித்துச் சொன்னார். ஐரோப்பாவில் 7 வயசுக்குக் கீழே தொப்பியிலும் கழுத்திலும் கயிறே வைக்கக் கூடாது, கழுத்தை இறுக்கிவிடும் என்று விதி. அந்தச் சட்டை யூரோப் கப்பலுக்குத் தைத்தது இல்லை. கீழே வைத்துவிட்டேன்.

குறை இருக்கிறது என்று தள்ளின செகண்ட்ஸில் பயப்படவேண்டியதும் பயப்படாததும் வேறு வேறு. ஆயில் புள்ளி, லேசான ஷேட், கோணலான பிரிண்ட் எல்லாம் பிள்ளைக்குத் தெரியாது, விலை குறைய அதுதான் காரணம். நீடில் கட் அப்படி இல்லை. மழுங்கின ஊசி கண்ணியை அறுத்திருக்கும், கடையில் கண்ணுக்குத் தெரியாது, இரண்டு துவைப்பில் தையல் ஓரமாக வரிசையாகப் பொத்தல் விடும். சட்டைக்குள் இரண்டு கையையும் விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே, தையலை ஒட்டிக் குறுக்கே இழுத்துப் பார்க்கணும். ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு. ஒற்றைப் பின்னல் சிங்கிள் ஜெர்சியில் அது ஏணி மாதிரி ஓடும், இரட்டைப் பின்னல் இண்டர்லாக்கில் ஓட்டம் மெதுவாக இருக்கும். பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும்.

கிலோ கணக்கில் வாங்கினால்: 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணியில் ஆறு மாதப் பிள்ளைக்கான ஜப்லாச் சட்டை ஒன்று 35 கிராமுக்குள் நிற்கும். கிலோவுக்கு 28, 29 உருப்படி. கிலோ விலையை 28ஆல் வகுத்து, அதில் கால்வாசி கழிசல் போகும் என்று வைத்துத்தான் பேசணும். குவியலில் ஃப்ளீஸ் தொப்பிச் சட்டை ஒன்று விழுந்தால் 200 கிராம். ஆறு ஜப்லா போன இடம் தெரியாது.

ஒன்றும் வாங்கவில்லை. உண்மை.

அக்டோபர் 10, வெள்ளி

கழுத்து. கழுத்தை அளக்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு 35 செ.மீ. சுமார், ஒரு வயசில் 46. சட்டையின் கழுத்துப் பட்டையை (ரிப்) தட்டையாக வைத்து இழுத்தால் 25 செ.மீ. வரணும், விட்டதும் பழையபடி சுருங்கணும். சுருங்காமல் அலைஅலையாக நின்றால் லைக்ரா செத்துப்போச்சு. வராவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வீட்டில் போடாமல் கிடக்கும் சட்டைகளை எடுத்துப் பார், பாதி கழுத்தால்தான் கிடக்கும். கைப்பிள்ளைக்குத் தலைவழி மாட்டுவதே ஆகாது, முன்னால் நாடா கட்டுவதுதான் சரி.

அக்டோபர் 14, செவ்வாய்

ஈரோட்டு ஜவுளிச் சந்தை. நேற்று ராத்திரியே தொடங்கிவிட்டது, விடிகாலைக்குள் நல்ல சரக்கு வியாபாரிகள் கைக்குப் போய்விடும். தீபாவளிக்கு முந்தின வாரம் டஜனைப் பிரித்துத் தரமாட்டார்கள். கேட்டதே தப்பு.

“ஜிஎஸ்டி குறைப்பு” என்று எல்லா இடத்திலும் போர்டு. 1,000 ரூபாய்க்குக் கீழே உள்ள உடுப்புக்கு முன்னேயும் 5 சதவீதம்தான், இப்போதும் 5தான். செப்டம்பர் 22இலிருந்து குறைந்தது அதற்கு மேல் விலை உள்ளதுக்கு, 2,500 வரை. எந்த ஜப்லா ஆயிரம் ரூபாய்? குழந்தை டயப்பருக்கு மட்டும் 12இலிருந்து 5 ஆனது நிஜம். அதையும் ராத்திரிக்கு ஒன்று என்று வைத்தால் போதும்.

அக்டோபர் 17, வெள்ளி

56 எண்ணில் ஒன்றுகூட வேண்டாம். ஆறு, எட்டு வாரத்தில் பத்தாமல் போகும். பார்க்க வருகிற ஒறம்பரை எல்லாம் அந்தச் சைஸ்தான் எடுத்துவருவார்கள். 62ஐக் கையை மடித்துப் போடலாம். 62 ஆறு, 68 ஆறு.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பெரியவ மகளுக்குப் போன வருசத்துப் பட்டுப்பாவாடைதான். நீளம் பத்துகிறது. உள்பக்கம் கரைக்கு மேலே 2 செ.மீ. மடிப்பு இரண்டு பிடித்துத் தைத்திருந்தோம். ஒரு மடிப்பு 4 செ.மீ. துணி வாங்கும், ஒன்றைப் பிரித்தால் ஒரு வருசத்துக்கு ஆச்சு. பெரிய தையலாக, தளர்வாகப் போட்டிருக்கணும், நெருக்கித் தைத்தால் பட்டில் ஊசித்தடம் நிற்கும்.

ஆனால் முதலில் பத்தாமல் போவது நீளம் இல்லை, பாவாடையைத் தாங்கும் மேல்பாடி. அக்குள் இறுகி அழுகை. பட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாடியை மட்டும் பிரித்து, அரை மீட்டர் காட்டன் லைனிங்கில் ஒரு இன்ச் அகலமாக வேறு தைத்துப் பாவாடையை அதில் ஏற்றினால் இன்னொரு தீபாவளி ஓடும்.

சின்னவ ராத்திரி சாப்பிடவில்லை.

அக்டோபர் 22, புதன்

மழை. மச்சுமேல் இருந்த பழைய பிள்ளைத்துணிப் பெட்டியை இறக்கினோம். திறந்ததும் பாச்சை உருண்டை நெடி. அத்தனையும் திரும்பத் துவைக்கணும். சில பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஜி6பிடி என்கிற என்சைம் குறை இருக்கும், அந்த நெடி பட்டால் ரத்தம் உடைந்து மஞ்சள்காமாலை ஏறும். நம் பிள்ளைக்கு உண்டா இல்லையா என்று எவன் கண்டான். இரண்டு துவைப்பு, நல்ல வெயில், நெடி போகாதது கரித்துணிக்கு. இனி வேப்பிலையும் வசம்பும்தான்.

வெள்ளையாக மடித்து வைத்ததெல்லாம் மார்புப் பக்கம் மஞ்சளாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது. பால் கக்கினது. வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வருசத்தில் பழுத்துக்கொள்ளும். எடுத்து வைக்கும் நாளில் சுத்தமாகத் தெரிந்தாலும் இன்னொரு தடவை அலசணும். கறைக்கு முதலில் பச்சைத்தண்ணி, சுடுதண்ணி ஊற்றினால் பால் வெந்து துணியிலேயே ஒட்டிவிடும். அப்புறம் சோப்பு, ஈரத்தோடு வெயில்.

வெயில் எங்கே இருக்கிறது.

அக்டோபர் 24, வெள்ளி

போர்த்தண்ணியில் அலசினது பப்படம் மாதிரி விறைத்து நிற்கிறது. உப்புத்தண்ணியில் சோப்பு திரிந்து நூலில் படிந்துவிடும். துவைப்பது எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசி அலசல் சப்பத்தண்ணியில் (உப்பில்லாத தண்ணி). ஒரு குடம் போதும். துணியை மெத்தென்று ஆக்கும் கம்ஃபர்ட் வகையறா கோமணத் துணிக்கு ஆகாது, ஈரம் உறிஞ்சாது.

அக்டோபர் 27, திங்கள்

கழுத்து மறுபடியும். பெட்டியில் நல்ல சட்டை நாலு, இழுத்தால் 21தான் வருகிறது. இடது தோள் தையலைப் பிரித்தேன். முன்துண்டிலும் பின்துண்டிலும் 2 செ.மீ. பட்டை ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, அழுத்திப் பூட்டும் டிச் பட்டன் இரண்டு. பட்டனுக்கு அடியில் ஒட்டுக்கேன்வாஸ் துண்டு வைக்கணும். வெறும் பனியன் துணியில் அடித்தால் நாலாம் இழுப்பில் துணியோடு பிய்ந்து வரும், பிள்ளை வாய்க்குப் போகும். முதலாவது அப்படித்தான் பிய்ந்தது. மீதி மூன்றும் நின்றன. 27 வருகிறது.

ராத்திரி பத்தரைக்கும் அதையேதான் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்னும் இல்லை.

அக்டோபர் 29, புதன்

பை கட்டியாச்சு. கோமணத் துணி 20, நாடா ஜப்லா 5, அம்மாயியின் பழைய நூல்சேலையை நாலாகக் கிழித்தது, தொப்பி 2. எல்லாம் பழசு. ஊக்கு வைக்கவில்லை, முடிச்சுதான்.

அக்டோபர் 30, வியாழன்

விடியக்காலம் நாலு மணி. ஆறு துணி இன்னும் ஈரம். இஸ்திரிப் பெட்டியை அழுத்தக் கூடாது, மேலோட்டமாக ஓட்டி, உதறி, திருப்பி, மறுபடி. ஒன்றுக்கு மூன்று நிமிசம். நாலு முடிந்தது. வண்டி வந்து