பழம் எடைபோடும் இடம்

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில், பழங்குடிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் காப்பியின் தரம் பார்க்கும் பணியில் இருந்தேன். சுமார் 3,000 அடி உயரத்தில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அராபிகா வகைக் காப்பி வளரும் ஊர்கள் அவை. பலருக்கு நிலம் ஓரிரு ஏக்கர்தான். பழத்தோல் நீக்கும் பல்ப்பரைத் தனியாக வாங்க வழியில்லாமல், முற்றத்தில் பழத்தை அப்படியே உலர்த்தி வியாபாரியிடம் கொடுத்துவந்தார்கள். சங்கம் அன்றாடம் பறித்த பழத்தையே வாங்கி, அன்று மாலையே தோல் நீக்கி, தொட்டியில் புளிக்கவைத்துக் கழுவி உலர்த்தத் தொடங்கியது.

சுவைப்பரிசோதனையில் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது பெற்றால்தான் அது 'சிறப்புக் காப்பி' (specialty coffee) என்ற உயர்தரப் பிரிவில் சேரும். அந்த மதிப்பெண் பெரும்பாலும் பழம் எடைபோடும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதைத்தான் அந்தப் பணி எனக்குக் கற்றுத்தந்தது. ஒவ்வொரு கோடைமழைக்கும் தனித்தனியாகப் பூப்பதால், ஒரே கிளையில் பச்சைக் காயும் செம்பழமும் சேர்ந்தே நிற்கும். பழுத்ததை மட்டும் பறிக்க அதே செடிக்கு மூன்று நான்கு முறை வரவேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர உருவினால் வேலை ஒரே நாளில் முடியும். ஆனால் காயின் கொட்டை வறுக்கும்போது வெளிறியே நின்று, மற்றவற்றின் இனிப்பையும் கெடுத்துவிடும்.

கூடையில் காய் கலந்திருந்தால் அதை விவசாயியின் அறியாமை என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. "அடுத்த வாரம் நெல் அறுப்பு சார், இந்தச் செடிக்கு யார் திரும்பி வருவா?" என்று ஓர் அம்மா கேட்டார். பழம் பழுக்கும் நவம்பர், டிசம்பரில்தான் அங்கே நெல்லும் அறுவடைக்கு வருகிறது. ஏறக்குறைய 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டைதான் கிடைக்கும் நிலையில், கூடுதல் நாள்களின் உழைப்புக்கு விலை கிடைக்காவிட்டால் அவர் செய்வதுதான் சரியான கணக்கு.

அரக்கு அராபிகாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் உறுப்பினர்களைச் சங்கத்தில் நிறுத்தியது, செம்பழத்துக்கான கூடுதல் தொகை எடைபோட்ட அன்றே கைக்கு வந்ததுதான். ஒரு பருவத்தில் அது தாமதமானபோது, முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே நல்ல பழமெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆகவே, புதிய இயந்திரங்களுக்கு முன்னால், அறுவடை மாதங்களில் ரொக்கம் குறையாதிருக்க நடைமுறை மூலதனத்தை ஒதுக்குமாறு எனக்குத் தெரிந்த ஒவ்வொரு சங்கத்திடமும் கேட்டுவருகிறேன்.