திருப்பிப் போட்ட சதுரங்கள்: நூறு நாள் குவில்ட் நாட்குறிப்பு

ஜனவரி 1, 2025

நூறு நாளில் ஒரு குவில்ட், அதாவது துணித்துண்டுகளைச் சேர்த்து மேல்பக்கமாக்கி, அடியில் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைக்கும் போர்வை, முழுக்கக் கைத்தையலில். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி இரண்டுதான்: தையல் இயந்திரத்தைத் தொடக்கூடாது, மேல்பக்கத்துக்குப் புதுத்துணி வாங்கக்கூடாது. வீட்டில் கிடக்கிற பழைய பருத்திச் சட்டைகள், தலையணை உறைகள், ஒரு ஜன்னல் திரை, இவ்வளவுதான் கையிருப்பு. 3 அங்குலச் சதுரம் ஒன்பது சேர்ந்தால் ஒரு கட்டம், அப்படி 30 கட்டம், ஆக 270 சதுரம். முடிந்தால் 45க்கு 54 அங்குலம் வரும். உட்கார்ந்து படிக்கும்போது மடியில் போட்டுக்கொள்ளச் சரியாக இருக்கும். ஏப்ரல் 10 கடைசி நாள்.

ஜனவரி 6

எல்லாவற்றையும் துவைத்துத் தேய்த்தாயிற்று. அப்புறம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பழைய சட்டையில் முதுகுப்பக்கம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் கழுத்தும் அக்குளும் நைந்து இழை தெரிகிறது. அங்கே வெட்டினால் தையல் நிற்காது, ஒதுக்கிவிட்டேன்.

வெட்டும் அளவு 3½ அங்குலம், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போய்விடும். நூலோட்டத்தின் திசையிலேயே வெட்ட வேண்டும், கோணலாக வெட்டினால் சதுரம் இழுபடும். 40 வெட்டியதும் விரல் மரத்துப்போனது.

ஜனவரி 19

நான்கு கட்டம் தைத்து முடித்து அளந்தால் ஒன்றுகூடச் சரியில்லை. ஓரத்தில் தையலுக்கு விட்ட இடத்தையும் சேர்த்து 9½ அங்குலம் இருக்க வேண்டியது 9¼தான் இருக்கிறது. எங்கே போனது கால் அங்குலம் என்று ஒரு மணி நேரம் பிரித்துப் பார்த்தேன். அட்டையை வைத்துக் கோடு போடும்போது பென்சில் முனை மழுங்கியிருந்தது, ஊசியோ கோட்டின் மேலே போகாமல் உள்பக்கமாகவே ஓடியிருந்தது. ஒரு துண்டில் பதினாறில் ஒரு அங்குலம் தப்பினால் ஒரு தையலில் இரண்டு துண்டு, ஒரு வரிசையில் இரண்டு தையல், கணக்கு அப்படியே கால் அங்குலம்! நான்கையும் பிரித்துவிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் ஐந்து கட்டம் வரிசையாகச் சேரும்போது இது ஒன்றேகால் அங்குலமாக வளர்ந்து நிற்கும்.

பிப்ரவரி 2

இன்றைக்கு மனசு சரியில்லை. வெட்டிய சதுரங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, ஆனாலும் எந்த வடிவமும் கண்ணுக்குத் தெரியவில்லை. கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். அப்போதுதான் புரிந்தது: சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. குவில்டில் வடிவத்தைத் தூக்கிக் காட்டுவது நிறத்தைவிட வெளிர்வும் அடர்வும்தான். ஒரு கட்டத்துக்கு ஐந்து அடர்த்தி, நான்கு வெளிர் என்றால் 120 வெளிர் சதுரம் வேண்டும். என்னிடம் இருப்பது 52.

புதுத்துணி வாங்கினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாங்கமாட்டேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் செய்த குவில்டுகளின் படங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நைந்துபோன வேலைத்துணிகளை வைத்துத் தைத்தவர்கள், 2002இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. முழங்கால் தேய்ந்து வெளுத்த டெனிம், பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் வெளுக்காமல் நின்ற கருநீலம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அங்கே வண்ணமாகவே நிற்கின்றன. ஒரே துணிக்குள் இரண்டு நிறம்!

பிப்ரவரி 9

இரவு விளக்கில் தைத்த கட்டத்தைக் காலையில் தங்கை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, நடுவுல இருக்கறத திருப்பிப் போட்டுத் தைச்சிருக்கே” என்றாள். ஆமாம், நீலப் பூப்போட்ட சட்டைத் துண்டின் உள்பக்கம் மேலே வந்திருக்கிறது. பிரிக்கக் கத்தரியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பூக்கள் பனிக்குப் பின்னால் இருப்பதுபோல மங்கலாக, அழகாக, முக்கியமாக வெளிராக!

அச்சிட்ட துணியில் சாயம் ஒரு பக்கம்தான் நன்றாக ஏறியிருக்கும், பின்பக்கம் வெளிறித் தெரியும். நூலுக்கே சாயம் ஏற்றி நெய்த கட்டம்போட்ட சட்டையில் இது நடக்காது, இரண்டு பக்கமும் ஒன்றுதான். உடனே மொத்தத்தையும் புரட்டிப் பார்த்தேன். 71 சதுரம் பின்பக்கத்தில் வெளிராகிறது. 52ம் 71ம் 123. மூன்று மிச்சம்!

மார்ச் 4

மேல்பக்கம் முழுசாகச் சேர்ந்தது. தரையில் அடித்துணி, அதன்மேல் பருத்திப் பஞ்சு விரிப்பு, அதன்மேல் இது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளநீளமாகத் தற்காலிகத் தையல் போட்டேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி குமிழும்.

மார்ச் 21

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலை. குட்டையான ஊசி வேண்டும், எண் கூடக்கூட ஊசி சின்னது, எனக்கு 9 பிடித்தது. ஊசியை மேலிருந்து நேராக இறக்கி, கீழே இருக்கிற விரல்நுனியில் லேசாகப் பட்டதும் மேலே திருப்ப வேண்டும். முதல் வாரம் ஒரு அங்குலத்தில் ஐந்து தையல், இப்போது ஏழு. நூல் முழங்கை நீளத்துக்கு மேல் போனால் சிக்கும். முடிச்சை வெளியே விடாமல் மேல்துணி வழியே சுண்டி இழுத்தால் ‘டப்’ என்று ஒரு சின்னச் சத்தத்தோடு பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த நூலைக் கோக்கத் தோன்றுகிறது.

ஏப்ரல் 10

நூறாவது நாள். ஓரப்பட்டி இரண்டு பக்கம் பாக்கி. அவசரப்பட்டு மூலையை மடித்தால் தடித்துப்போகும், மூன்று நாள் கூட எடுத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 13

முடிந்தது. துவைத்துக் காயவைத்தேன். பஞ்சு சுருங்கித் தையல் கோடுகளின் இரண்டு பக்கமும் மெல்லிய சுருக்கம் விழுந்து, பென்சில் கோடெல்லாம் போய்விட்டது. தெரியாமல் திருப்பித் தைத்த அந்த முதல் சதுரத்தைத் தேடினேன், சுற்றிலும் அதே மங்கல் பூக்கள், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கை வந்து, மூன்றாவது வரிசையில் நேராக அதன்மேல் கையை வைத்தாள்.