0.8 பெரியதா, 0.35 பெரியதா?

ஏழாம் வகுப்பில் தசம எண்கள் பாடம் தொடங்கி நாலைந்து நாள் ஆனதும் இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுவேன். 0.8, 0.35 இவற்றில் எது பெரியது? 0.3, 0.45 இவற்றில் எது பெரியது? பழைய நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஆளுக்கொரு துண்டு. விடையும், ஏன் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டு, போகும்போது வாங்கிக்கொள்வேன்.

இதற்கு ஒரு கேள்வி போதாது. 8-ஐ விட 35 பெரியது, அதனால் 0.35 பெரியது என்று நினைக்கிற பிள்ளை முதல் கேள்வியில் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதே தப்பான வழியில் போய், 3-ஐ விட 45 பெரியது என்று இரண்டாவதற்குச் சரியான விடை எழுதிவிடும். இதற்கு நேர்மாறாக நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. புள்ளிக்குப் பிறகு இலக்கம் கூடக் கூட எண் சிறிதாகிவிடும் என்று நம்புகிறவர்கள். அவர்களுக்கு முதல் கேள்வி சரி, இரண்டாவது தவறு. தேர்வில் இந்த இரு தரப்புக்கும் இரண்டுக்கு ஒன்று என்று ஒரே மதிப்பெண்தான் விழும். மறுநாள் நான் அவர்களிடம் பேச வேண்டியதோ வேறு வேறு.

மதியம் சாப்பிட்ட பிறகு சீட்டுகளை மேசையில் பிரித்து வைப்பேன். கால் மணி நேரம் கூட ஆகாது. முதல் தரப்பின் சீட்டில் பெரும்பாலும் காசுக் கணக்குதான் இருக்கும்: 'முப்பத்தைந்து பைசா, எட்டு பைசாவை விட அதிகம்.' 0.35-ஐப் 'புள்ளி முப்பத்தைந்து' என்று வாசிக்கிற பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. ஆகவே எங்கள் வகுப்பில் 'புள்ளி மூன்று ஐந்து' என்றுதான் வாசிக்க வேண்டும். மறுநாள் அவர்களுக்குக் கட்டம் போட்ட தாள். பத்துக்குப் பத்து சதுரத்தில் 0.8-க்கு எட்டு வரிசை, 0.35-க்கு மூன்று வரிசையும் ஐந்து கட்டமும் வண்ணம் தீட்டினால் தாளே பேசிவிடும்.

இரண்டாவது தரப்பைத்தான் நான் அதிக மதிப்போடு பார்க்கிறேன். ஒரு பையன் விளக்கமாகவே கேட்டான்: "டீச்சர், 0.45-ல நூறா வெட்டியிருக்கு, 0.3-ல பத்தாதான் வெட்டியிருக்கு. அப்போ 0.3 தானே பெருசு?" நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது என்று வகுப்பில் படித்ததை அவன் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பாதி வழி வந்துவிட்டவனை ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பக் கூடாது. "துண்டு பெருசுதான்டா, எத்தனை துண்டு இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் விரலால் மேசையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "மூணு பத்துன்னா முப்பது... அது நாப்பத்தஞ்சு" என்றான்.

பின்னால் ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 0.30 என்று எழுதிக்கொண்டு ஒப்பிடு என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தால் எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குறுக்கு வழியைக் கட்டத்தாளுக்குப் பிறகுதான் அனுமதிக்கிறேன். இரண்டுக்கும் சரியான காரணம் எழுதியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. 0.3-க்கும் 0.31-க்கும் நடுவில் ஓர் எண் சொல்லுங்கள் என்றால் அவர்களுக்கு அந்தப் பாடவேளை முழுக்க வேலை இருக்கும்.

பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் வளரறி மதிப்பீடு. ஆனால் அதன் பெயரைச் சொன்னதும் நம் ஆசிரியர்கள் பலருக்குப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது வளரறிக்கு 40, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஒரே தேர்வை நம்பிப் பிள்ளையை எடைபோடாமல், படிக்கும்போதே கவனிக்கச் சொன்ன முறை அது. ஆனால் 40-க்கு 32 என்று எழுதியதும் கவனிப்பு முடிந்துவிட்டதாக ஆகிவிடுகிறது. அந்த 32, நாளைக் காலை எந்தக் கணக்கோடு வகுப்புக்குள் போக வேண்டும் என்று எனக்குச் சொல்வதில்லை.

அதனால்தான் சீட்டில் மதிப்பெண் போடுவதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எனக்குப் பெரிய பலம். எழுத்துக் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்த கண் அதற்குக் கீழே இருக்கும் எழுத்துக்குப் போவதில்லை என்பதை விடைத்தாள் திருப்பிக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் நாமும் பார்க்கிறோம்.

போர்ஷன் முடிய வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கட்டத்தாளுக்கு ஒரு பாடவேளை கூடுதலாகப் போகத்தான் செய்கிறது. ஆனால் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று தெளிவாகாத வகுப்பில் தசமப் பெருக்கல் நடத்தினால் புள்ளியை எங்கே வைப்பது என்பதற்கே அதைவிட அதிக நேரம் போய்விடும்.

அடுத்தது தசமக் கூட்டல். 0.7 + 0.5 கேட்டு, எத்தனை சீட்டில் 0.12 வருகிறது என்று பார்த்த பிறகுதான் மறுநாள் பாடத்தை முடிவு செய்வேன்.