இரட்டைக்கொம்பும் துணைக்காலும்: ஸோக்ட் தேடலில் தமிழ் பிடிபட்டது

ஒருவழியாக என் சர்வரில் ஓடும் ஸோக்ட் (Zoekt) என்ற நிரல் தேடல் கருவியில் ‘கோப்பு’ என்று தட்டினால், அந்தச் சொல் உள்ள மொழிபெயர்ப்புக் கோப்புகள் அத்தனையும் வந்து நிற்கின்றன. இதுவரை ஒரு பகுதிதான் வந்தது. மீதி கண்ணுக்கு எதிரே எடிட்டரில் இருக்கும். தேடினால் மட்டும் இல்லை என்று வரும். கோப்புகளுக்குள் வரிவரியாகத் தேடும் கிரெப் கட்டளைக்கும் அது சிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அமைப்பு சாதாரணமானது. 4 ஜிபி ரேம் உள்ள பழைய டெஸ்க்டாப், அதில் டெபியன். லிப்ரெஓபிஸ் மொழிபெயர்ப்பு ரெப்போ (கிட் களஞ்சியம்), க்னோம் செயலிகள் சில, ஓப்பன்-தமிழ் என்ற பைதான் நூலகம், என் சொந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் மிரர் குளோனாக, அதாவது முழு நகலாக, இருக்கின்றன. இரவில் நேரம் பார்த்துக் கட்டளை ஓட்டும் கிரான் புது மாற்றங்களை ஃபெட்ச் செய்யும், பின்னாலேயே தேடலுக்கான இண்டெக்ஸைக் கட்டும் ஸோக்ட்-கிட்-இண்டெக்ஸ் ஓடும். கமிட் மாறாத ரெப்போவை அதுவே தாண்டிப் போய்விடும். வெப்சர்வர் வழக்கமான 6070 போர்ட்டில். இடறியது ஒரே இடத்தில்: மாஸ்டர் கிளையை மெயின் என்று மாற்றிவிட்ட ரெப்போக்கள். ஃபெட்ச் செய்தாலும் மிரரில் நடப்புக் கிளை எது என்று சொல்லும் ஹெட் பழைய கிளையையே காட்டிக்கொண்டிருக்கும், இண்டெக்ஸர் கிளையைக் காணோம் என்று நின்றுவிடும். கிட் சிம்பாலிக்-ரெஃப் கொடுத்து ஹெட்டைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது.

முதலில் ஹவுண்ட் என்ற இன்னொரு நிரல் தேடல் கருவியைத்தான் வைத்திருந்தேன். அது நிரலாளர் ரஸ் காக்ஸ் 2012இல் விளக்கி எழுதிய ட்ரைகிராம் முறையை, அதாவது அடுத்தடுத்த மும்மூன்று துண்டுகளாக இண்டெக்ஸ் செய்வதை, பின்பற்றுவது. ஆங்கில நிரலுக்கு அருமையான வேலைக்காரன், இண்டெக்ஸும் சின்னது. லினக்ஸ் 3.1.3 மூலத்தின் 420 எம்பிக்கு 77 எம்பி இண்டெக்ஸ் வந்ததாக அவரே கணக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் அங்கே ட்ரைகிராம் என்பது மூன்று பைட். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் (எழுத்து, புள்ளி, கொம்பு, கால் தனித்தனியே ஒரு குறி) மூன்று பைட் ஆகிறது. முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆக ஒரு ட்ரைகிராம் என்பது ஒரே ஒரு ‘ப’, அல்லது ஒரு புள்ளி. ‘ப’ இல்லாத தமிழ்க் கோப்பு எங்கே இருக்கிறது? இண்டெக்ஸ் எதையும் கழிக்காது, தமிழ்க் கோப்புகள் முழுவதையும் திறந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

ஸோக்ட் பைட்டை எண்ணுவதில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. ‘கோப்பு’ என்பது அதற்கு க, ோ, ப, புள்ளி, ப, ு என ஆறு குறிகள். அதிலிருந்து நான்கு ட்ரைகிராம். கோப்பில் அவை எந்த இடத்தில் வருகின்றன என்பதையும் குறித்துவைக்கிறது. இருப்பதில் அரிதான இரண்டை எடுத்து, நடுவில் உள்ள தூரம் சரியா என்று பார்க்கும். தமிழுக்கு இது பிரமாதமாக வேலை செய்கிறது. ‘கை’, ‘தீ’ மாதிரி இரண்டு குறிச் சொற்களுக்குத்தான் இண்டெக்ஸ் உதவாது. மூலத்தையும் இடக்குறிப்புகளையும் சேர்த்தே வைப்பதால் வட்டில் இடம் நிறையத் தின்னும், அது தெரிந்த விலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ‘ோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 3019 என்ற ஒரே குறியாக; அல்லது இரட்டைக்கொம்பு 3015, துணைக்கால் 3006 என்று இரண்டு குறிகளாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ‘ொ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. பல வருடங்களாகப் பல கைகள், பல விசைப்பலகைகள், பல எழுத்துருமாற்றிகள் வழியாக வந்த கோப்புகளில் இரண்டு வடிவமும் கலந்து கிடக்கின்றன. ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பார்த்தபோதுதான் துணைக்கால் தனியே நிற்பது தெரிந்தது. பிரிந்த வடிவத்தில் ‘கோப்பு’ ஏழு குறி, ஐந்து ட்ரைகிராம். ஒன்றான வடிவத்தோடு பொதுவாக இருப்பவை கடைசி இரண்டு மட்டும். பிறகு எப்படிப் பொருந்தும்?

முதலில் ரெகெக்ஸில் (சொல்லின் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) நடு எழுத்துக்கு மட்டும் மாற்று கொடுத்தேன். ‘கோப்பு’வுக்கு ஓடியது, மிச்சமுள்ள ‘ப்பு’வே நான்கு குறி ஆயிற்றே. ‘கோடு’ என்றதும் திணறியது. மிச்சம் ‘டு’, இரண்டே குறி, இண்டெக்ஸுக்குப் பிடிமானமே இல்லை. இரண்டு வடிவங்களையும் முழுச் சொல்லாக எழுதி நடுவில் ஸோக்ட்டின் ‘ஆர்’ போட்டால் வேகம் திரும்பிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் இப்படி யார் தட்டுவது?

கடைசியில் கோப்புகளையே ஒழுங்குசெய்தேன். மிரரிலிருந்து தமிழ் பிஓ கோப்புகளை (மூல வாக்கியமும் மொழிபெயர்ப்பும் உள்ளவை) மட்டும் கிட் ஆர்க்கைவ் மூலம் தனி அடைவில் இறக்கி, யூகான்வ் கட்டளை கொடுத்து எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவமாக்கி, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கி, ஸோக்ட்-இண்டெக்ஸ் ஓட்டுகிறேன். யூகான்வ், ஐசியு-டெவ்டூல்ஸ் பொதியில் கிடைக்கும். வரி எண் மாறுவதில்லை என்பதுதான் இதன் அழகு. பிஓவில் நீண்ட வாக்கியங்கள் வரி உடைந்து கிடக்கும், அதையும் எம்எஸ்ஜிகேட் என்ற கருவியால் சேர்த்துவிடலாம்தான். ஆனால் அப்போது வரி எண் குலையும், எனக்கு அது வேண்டாம். தேடல் பெட்டியில் தட்டுவதும் என்எஃப்சியாக இருக்கவேண்டும் என்பதால், முன்னால் ஒரு சின்னப் பக்கம் வைத்து ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் வழியாக அனுப்புகிறேன்.

என்எஃப்சி தொடாதவையும் உண்டு. ‘ௌ’வுக்குப் பதில் ஒற்றைக்கொம்போடு ‘ள’ போட்டு எழுதிய ‘மெளனம்’, ஸ-வில் தொடங்கும் ஸ்ரீயும் ஶ-வில் தொடங்கும் ஶ்ரீயும். இவற்றுக்குத் தனி மாற்றுப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதியில் இருக்கிறது.

இன்னொன்று: ஸோக்ட் 2 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைத் தொடாது. குறிக்கு மூன்று பைட் என்பதால் தமிழ்ச் சொற்பட்டியல் சுமார் 7 லட்சம் குறிகளிலேயே அந்த வரம்பில் முட்டிவிடும். விடுபட்டவற்றை இண்டெக்ஸிலேயே ‘நாட்-இண்டெக்ஸ்டு’ என்று குறித்துவைக்கிறது. அந்தச் சொல்லையே தேடிப் பார்த்து, வேண்டியதை லார்ஜ்-ஃபைல் விருப்பத்தில் சேருங்கள்.

வட்டு நிரம்பிக்கொண்டு வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் 512 ஜிபி எஸ்எஸ்டி விலை விசாரித்து வைத்திருக்கிறேன். உத்தரவாதச் சீட்டோடு தருபவரிடம்தான் வாங்குவேன். அது வந்தால் லினக்ஸ் கெர்னலை ஏற்றவேண்டும். இந்த ரேமுக்குப் பேரலலிசத்தை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கை) 1 ஆக்கி ஓட்டினால் தாங்கும் என்று நினைக்கிறேன். அதற்கு முன், நிரலில் உள்ள ஃபங்ஷன் பெயர்களைப் பட்டியலிடும் யூனிவர்சல் சிடேக்ஸ் கருவி. இப்போது இருப்பது பழைய எக்ஸுபரண்ட் சிடேக்ஸ், அதில் ஜேசான் வடிவில் வெளியீடு கிடையாது, ஸோக்ட்டுக்கு ஆகாது. இந்த வாரக் கடைசியில் அதை மாற்றிவிட்டு, ஃபங்ஷன் பெயர்கள் முடிவுகளில் மேலே ஏறுகின்றனவா என்று பார்க்கிறேன்.