மாலை 5 மணிக் கெடு

செப்டம்பர் 9, 2022
ராணி எலிசபெத் மறைவையொட்டி, இங்கிலாந்து ரக்பியின் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பில் இன்றைய ஆட்டங்கள் தள்ளிப்போயின. பணமுடையில் தவிக்கும் வூஸ்டர் கிளப் நாளை ஆடும் என்கிறார்கள். நாளைக்குச் சரி. அடுத்த வாரம்?

செப்டம்பர் 10
ஆடிவிட்டார்கள். லண்டன் ஐரிஷ் 45, வூஸ்டர் 14. தோற்றாலும் பரவாயில்லை, களத்தில் 23 பேரை இறக்கினார்கள் அல்லவா.

செப்டம்பர் 18
வூஸ்டரின் சொந்த மைதானம் சிக்ஸ்வேஸில் 4,999 பேருக்குத்தான் அனுமதி. 11,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானம். காசு வேண்டிய நேரத்தில் பாதி வாசலுக்குப் பூட்டு. எக்சிட்டர் 36-21 என்று வென்றது.

செப்டம்பர் 23
திங்கட்கிழமை மாலை 5 மணி கெடு. இங்கிலாந்து ரக்பி சங்கமான ஆர்எஃப்யூ வூஸ்டரிடம் கேட்பது மூன்று: காப்பீட்டுச் சான்று, மாதச் சம்பளம் போடப் பணம், நம்பத்தக்க ஒரு திட்டம்.

மூன்றாவதை வைத்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் இழுக்கலாம். இரண்டாவதை ஒரு வாரம் சமாளிக்கலாம். முதலாவதில் ஒரு மணி நேரம்கூட விட்டுக்கொடுக்க முடியாது. இரு அணியும் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர், முன்வரிசை மூவர் மட்டுமே ஏறத்தாழ 350 கிலோ. 'செட்' என்று நடுவர் சொன்னதும் மொத்தப் பளுவும் அந்த மூவரின் கழுத்து, தோள் வழியாகத்தான் போகிறது. ஒரு பக்கம் சரிந்தால் நடுவில் இருக்கும் ஹூக்கருக்குக் கையை ஊன்றக்கூட வழியில்லை, இரண்டு கையும் இரு பக்கத்து ப்ராப்களைப் பிடித்திருக்கும். காப்பீடு இல்லாத ஆளை ஆட்டத்துக்கு மட்டுமல்ல, மோதல் பயிற்சிக்கே விடக்கூடாது. மருத்துவர் இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை என்றால் நடுவர் விசிலை எடுக்கவே மாட்டார். சம்பளப் பாக்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். காப்பீட்டுத் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. அணியை முதலில் நிறுத்தப்போவது அதுதான்.

செப்டம்பர் 24
வூஸ்டர் 39, நியூகாசில் 5!

சம்பளம் எப்போது வரும் என்று தெரியாதவர்கள் ஆடிய ஆட்டம் இது. எவ்வளவு அழகு!

செப்டம்பர் 26
5 மணி. எதுவும் வரவில்லை. எல்லாப் போட்டிகளிலிருந்தும் இடைநீக்கம். இரவுக்குள் கிளப் அட்மினிஸ்ட்ரேஷனில், அதாவது திவால் நிர்வாகியின் கையில்.

அக்டோபர் 5
நீதிமன்றம் இன்று கலைக்கச் சொன்னது டபிள்யூஆர்எஃப்சி பிளேயர்ஸ் என்ற கம்பெனியை. வீரர்களின் ஒப்பந்தம் அதன் பெயரில். கிளப்பை நடத்துவது வேறு கம்பெனி, அது ஏற்கெனவே அட்மினிஸ்ட்ரேஷனில். அட்மினிஸ்ட்ரேஷனுக்கு ஒரு கம்பெனி போனால் கடன்காரர்கள் கொஞ்ச நாள் கைகட்டி நிற்கவேண்டும், வாங்க ஆள் தேடலாம், ஒப்பந்தங்களையும் காப்பாற்றலாம். வீரர்கள் கம்பெனிக்கு அந்தக் கவசம் கிடையாது. வரித்துறை மனு போட்டது, கலைத்தாயிற்று, ஒப்பந்தங்களும் அந்த நிமிடமே முடிந்தன. இனி யாராவது வந்து கிளப்பை வாங்கினாலும் கையில் வருவது பெயரும் சட்டை நிறமும்தான், அணி வராது.

மைதானத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் கதை தனி. அதைப் பற்றி இன்று எழுதத் தெம்பில்லை.

அக்டோபர் 6
சீசன் முழுக்க வூஸ்டர் வெளியே, அடுத்த ஆண்டு இரண்டாம்நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறக்கம். ஆடிய ஆட்டங்கள் அட்டவணையிலிருந்து அழிக்கப்படும்.

யாருக்கு நஷ்டம் என்று பார்த்தேன். ஐரிஷும் எக்சிட்டரும் வென்று சேர்த்த புள்ளிகள் போயின. நியூகாசிலுக்கு லாபம்: வாங்கிய 39-5 அடியும், புள்ளி வித்தியாசத்தில் விழுந்த 34-ம் மறைந்துவிட்டன. இரண்டு அணிகள் புள்ளியில் சமமானால் முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை, அதிலும் சமமானால் இந்த வித்தியாசம்தான் பேசும். வூஸ்டரின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு அந்த ஆட்டம் இல்லாமல் போனதே வரவு.

இந்தத் தீர்வு எனக்கு ஒப்பவில்லை. கணக்குக்கு நியாயம், ஆடியவர்களுக்கு அநியாயம்.

அக்டோபர் 12
சனிக்கிழமை எக்சிட்டருடன் அதே லீக்கின் இன்னொரு கிளப்பான வாஸ்ப்ஸ் ஆடாது. வாஸ்ப்ஸுமா?

அக்டோபர் 17
வாஸ்ப்ஸும் அட்மினிஸ்ட்ரேஷனில். வீரர்கள், பயிற்சியாளர்கள், அலுவலர்கள் எல்லோரும் சேர்த்து 167 பேருக்கு வேலை போனது. 1867-ல் பிறந்த கிளப். 2004, 2007 ஐரோப்பிய சாம்பியன்.

காரணம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் கணக்கு இது: 2014-ல் கவென்ட்ரிக்குக் குடிபெயர்ந்து மைதானத்தை வாங்கினார்கள். அந்தக் கடனை அடைக்க 2015-ல் பொதுமக்களிடம் 3.5 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். வட்டி 6.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 22 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. ஒரு முழு அணிக்கு லீக் வைத்த சம்பள வரம்பே இப்போது 50 லட்சம். ஏறக்குறைய இன்னொரு பாதி அணிக்குச் சம்பளம் போடுவதைப் போல, களத்தில் ஒருவரும் கூடுதலாக இறங்காமலே. அசல் 2022 மே மாதம் திருப்பவேண்டியது. நடுவில் கொரோனா வந்து மைதானங்கள் பூட்டிக் கிடந்தன. மைதானத்தை வைத்துச் சம்பாதித்துக் கிளப்பை நடத்துவதாகத்தான் திட்டம், கடைசியில் மைதானத்துக்காகக் கிளப் ஓடியது.

அக்டோபர் 18
தூக்கம் வரவில்லை. 39-5.

அக்டோபர் 30
வூஸ்டரும் வாஸ்ப்ஸும் போக 11 அணிகள். ஆளுக்கு 20 ஆட்டம்.

அட்டவணை 13 அணிக்குப் போட்டது. 26 சுற்று, சுற்றுக்கு 6 ஆட்டம், ஓர் அணிக்கு ஓய்வு. அதில் இரண்டு பெயரை அடித்தால் என்ன ஆகும்? வூஸ்டரோடு மோதவேண்டியவர் சும்மா, வாஸ்ப்ஸோடு மோதவேண்டியவர் சும்மா, ஏற்கெனவே ஓய்வில் இருந்தவரும் சும்மா. ஒரே வாரத்தில் மூன்று அணிகள் வீட்டில், நான்கே ஆட்டங்கள். அந்த இரண்டு அணிகளும் தங்களுக்குள் மோதவிருந்த சுற்றிலும், இருவரில் ஒருவருக்கு ஓய்வு விழுந்த சுற்றிலும் மட்டும் ஐந்து ஆட்டம் மிஞ்சும். அப்படி 6 சுற்று, மற்ற 20 சுற்றிலும் நான்கு நான்கு. 30-ம் 80-ம் 110. பதினொருவர் ஆளுக்கு 20 ஆட்டம் என்பதற்குச் சரியாக வருகிறது.

மிஞ்சியவர்களுக்கும் அடிதான். ஒவ்வொரு கிளப்புக்கும் உள்ளூரில் இரண்டு ஆட்டம் குறைவு: இரண்டு நாள் டிக்கெட், இரண்டு நாள் பார் வருமானம், சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு நஷ்ட ஈடு. ஒருவர் விழுந்தால் அடுத்தவர் கணக்கிலும் ஓட்டை விழுகிறது.

டிசம்பர் 4
வாஸ்ப்ஸின் ஜாக் வில்லிஸ் இப்போது பிரெஞ்சுக் கிளப்பான துலூஸில். வூஸ்டரின் ஆலி லாரன்ஸ், டெட் ஹில் பாத் கிளப்பில். டூஹான் வான் டெர் மெர்வே எடின்பரோவில்.

பெயர் பெற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மற்றவர்களில் யாருக்கு முதலில் இடம் கிடைக்கும் என்றால், டைட்ஹெட் ப்ராப்புக்கு, அதாவது ஸ்க்ரம் முன்வரிசையில் வலப்பக்கம் நிற்பவருக்கு. 23 பேரில் முன்வரிசைக்கே ஆறு பேர் வேண்டும், அவர்களில் இருவர் டைட்ஹெட். பயிற்சி இல்லாத ஆளை அங்கே நிறுத்தவே கூடாது. இருவரும் காயம்பட்டால் தள்ளு இல்லாத ஸ்க்ரம்தான். ஆகவே நல்ல டைட்ஹெட் சந்தையில் ஒரு வாரம்கூட நிற்கமாட்டார். ஓரத்தில் ஓடும் 20 வயது விங்கர்தான் பாவம். அக்டோபரில் எந்தக் கிளப்பிலும் சம்பள வரம்பில் மீதி இருக்காது, வேகமாக ஓடும் பையன்கள் எல்லா இடத்திலும் உண்டு.

டிசம்பர் 19
ஸ்டீவ் போர்த்விக் லெஸ்டர் கிளப்பை விட்டு இங்கிலாந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் போகிறார். நடப்பு சாம்பியன் சீசன் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை இழந்தது. வேறு ஆண்டாக இருந்தால் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருப்பேன்.

ஜனவரி 15, 2023
இடைவெளிக்குப் பின் திரும்பும் அணிகளின் லைன்அவுட்டை, பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறிந்து பிடிப்பதை, கவனிக்கிறேன். முதலில் கெடுவது அதுதான். ஹூக்கர் எறியும் நொடியும், இருவர் தூக்க நடுவில் இருப்பவர் உச்சிக்குப் போகும் நொடியும் ஒன்றாகவேண்டும். கால் நொடி பிந்தினால் பந்து விரல் நுனியில் பட்டு எதிரணிக்குப் போகும். எறிந்தவரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பிழை தூக்குபவரின் காலடியில் இருக்கும்: ஒரு அடி தள்ளி நின்று தூக்கினால் குதிப்பவர் சாய்ந்து ஏறுவார், உச்சி தாழ்ந்துவிடும். பயிற்சி மைதானத்தில் எதிரணி குதிக்காது என்பதால் அங்கே இது தெரியாது. ஆடாமல் உட்கார்ந்த ஒவ்வொரு வாரமும் இதில் தெரிகிறது.

மே 6
லீக் சுற்று முடிந்தது. முதல் நான்கு: சாரசென்ஸ், சேல், லெஸ்டர், நார்தாம்ப்டன். ஐந்தாவது ஐரிஷ். பாத் 61-29 என்று சாரசென்ஸை அடித்து எட்டாவது இடத்தில். எட்டாம் இடம் வரை அடுத்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையில் ஆட வாய்ப்பு உண்டு.

ஐந்தாவது! அழிந்துபோன அந்த 45-14 இருந்திருந்தால் என்று மனம் போகிறது. அப்படிக் கூட்ட முடியாது. வூஸ்டரோடு ஆடாமலே போனவர்களும் இருக்கிறார்களே.

மே 14
அரையிறுதிகள்: நேற்று சாரசென்ஸ் 38-15, இன்று சேல் 21-13 என்று வென்றன. 2006-க்குப் பிறகு சேலுக்கு இப்போதுதான் இறுதியாட்டம்.

மே 27
சாரசென்ஸ் 35, சேல் 25. இரண்டாம் பாதியில் சேல் முன்னே போனபோது எழுந்து நின்றுவிட்டேன். கடைசிக் கட்டத்தில் சாரசென்ஸின் அவசரமில்லாத ஆட்டம் தின்றுவிட்டது. நல்ல இறுதியாட்டம். ஐரிஷுக்கும் பணமுடை என்ற செய்தி வராமல் இருந்தால் நிம்மதியாகப் படுக்கலாம்.

மே 30
இன்று ஐரிஷுக்குக் கெடு. மே மாதச் சம்பளத்தில் பாதி கொடுத்தார்களாம். ஜூன் 6 வரை நீட்டிப்பு.

ஜூன் 3
ஐரிஷ் விற்பனை நடக்குமா? அதே கேள்விகள், அதே தாள்கள்.

ஜூன் 6
ஐரிஷும் போயிற்று.

ஜூன் 7
சீசன் முடிந்த பிறகு விழுந்ததால் இந்த முறை எந்த ஆட்டமும் அழியாது, ஐந்தாம் இடம் ஏட்டில் நிற்கும். ஆனால் அந்த இடத்துக்கான சாம்பியன்ஸ் கோப்பை வாய்ப்பு கீழே இறங்குகிறது, ஒன்பதாவதாக முடித்த பிரிஸ்டலுக்கு. களத்தில் ஒரு சீசன் முழுக்க ஆடிப் பெற்றதை இங்கே ஒரு தாள் மாற்றிவிடுகிறது.

ஜூன் 17
துலூஸ் 29, லா ரோஷெல் 26. வில்லிஸ் கையில் பிரெஞ்சு லீக்கின் கேடயம்! அக்டோபரில் வேலை இழந்தவர்.

ஜூன் 20
10 அணி. 18 சுற்று, சுற்றுக்கு 5 ஆட்டம், யாருக்கும் கட்டாய ஓய்வு இல்லை. கணக்கு இப்போது சுத்தமாக இருக்கிறது. மீதி பத்துப் பேரின் காப்பீட்டுத் தாள்கள் எந்தத் தேதி வரை என்று யார் பார்க்கிறார்கள்?